ஈரம் காயாத வெள்ளை

அன்று காலை சுவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தன.

மாடிப்படியின் கைப்பிடி, குளியலறைக் கண்ணாடி, கீழே தபால் பெட்டிகளின் பித்தளை மூடிகள், எதைத் தொட்டாலும் கையில் ஈரம். குளிர்காலத்தின் நடுவே வெதுவெதுப்பான வடக்குக் காற்று வந்து உட்கார்ந்துகொண்டால் மோன்தெவிதெயோவில் இப்படித்தான். துணி காயாது. உப்பு கட்டி தட்டும். மனிதர்களுக்கு நடக்கும்போதே கண் சொருகும்.

ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி தெருவை விழுங்கிவிட்டு மூன்றாவது மாடி சன்னலுக்கு வெளியே வந்து நின்றது. அதற்குள்ளே எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. லூர்தெஸ் காலியான கூடத்தின் நடுவில் நின்று அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டாள். சாமான்களை நேற்றே வண்டி ஏற்றியாகிவிட்டது. மிச்சம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நாலு பாத்திரம், ஒரு பெட்டி. தன் வீட்டைப் பற்றியே யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

அவள் இந்தக் கூடத்தில் இப்படி நிற்க நேர்ந்த கதை நம் வாசகர்களுக்குத் தெரியும். முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

கணவன் வில்மார் போன வருடம் ஸ்பெயினுக்குப் போனான். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்றான். முதலில் தினம் பேசினான், பிறகு வாரம் ஒருமுறை. இப்போது நாலு மாதமாகப் பேச்சே இல்லை. லூர்தெஸ் அழுது பார்த்தாள், அலுத்துப் போனாள். பிறகு வடக்கே சால்தோ நகரத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று இரவு எட்டு மணிக்கு பஸ்.

வாடகை ஒப்பந்தமோ அடுத்த மே மாதம் வரை இருக்கிறது. அதற்கு ஜாமீன் நிற்பது மாமனார் எல்பியோவின் சொந்த வீடு. நடுவில் விட்டுவிட்டுப் போனால் வீட்டுக்காரம்மா சுல்மா அவர் கழுத்தைப் பிடிக்கலாம். அதனால் லூர்தெஸ் நேராகப் போய்ச் சுல்மாவிடமே கேட்டாள். போன வாரம் சுல்மா சொன்ன பதில் இது:

“போகணும்னா போ. உன்னைக் கட்டிப்போட்டு நான் என்ன பண்ணப்போறேன்? ஆனா குடுத்த மாதிரி குடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமை புதுசா ஆள் வர்றாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து பாக்கறப்போ எல்லாச் சுவரும் வெள்ளையா இருக்கணும். இல்லேன்னா மே மாசம் வரைக்கும் நீதான் எனக்கு வாடகைக்காரி. உங்க மாமாதான் எனக்கு ஜாமீன்.”

வெள்ளையாக வாங்கிய வீட்டை வெள்ளையாகத் திருப்பித் தருவது இந்த ஊர்ப் பழக்கம். கூடமும் சமையலறையும் ஏற்கெனவே வெள்ளைதான். படுக்கையறையில் ஒரே ஒரு சுவர் பச்சை. வந்த புதிதில் வில்மாரும் அவளும் சேர்ந்து அடித்தது. அந்த ஒரு சுவர்தான் பாக்கி.

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை.

எட்டரை மணிக்கு எல்பியோ வந்தார். கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு கையில் மாத்தே என்கிற இலைக் கஷாயக் குடுவை, இன்னொரு கையில் பெயிண்ட் டப்பா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். எழுபது வயதிலும் தோள் தோளாகத்தான் இருந்தது.

“என்ன பொண்ணே, பேய் மாதிரி நிக்கறே? நீ எங்கே முடியறே, பனி எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியலியே!”

“ராத்திரி தூக்கமே இல்ல மாமா.”

“பஸ்ல தூங்கிக்கலாம். இந்தா, ஒரு வாய் மாத்தே குடி. அப்புறம் சுவரை ஒரு கை பாத்துடலாம்.”

“முட்டி எப்படி இருக்கு? வியாழக்கிழமை அசைக்கவே முடியலேன்னீங்களே.”

“எந்த முட்டி? ஓ, அதுவா. அது தானா வந்துச்சு, தானா போச்சு.”

அவர் சிரித்தார். சிரிப்பு வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக இருந்தது. லூர்தெஸுக்கு அதையெல்லாம் கவனிக்கிற தெளிவு அப்போது இல்லை.

இருவரும் பழைய செய்தித்தாள்களைத் தரையில் விரித்து ஆளுக்கொரு ரோலரை எடுத்துக்கொண்டார்கள். அவர் மேலே, அவள் கீழே. முதல் வெள்ளைப் பட்டை பச்சையின் மேல் ஏறியபோது அவள் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கை பழகிவிட்டது. மேலே, கீழே. மேலே, கீழே.

சன்னலில் பனி வெள்ளை. சுவரில் பெயிண்ட் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் அறைக்குச் சுவர் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாகிவிட்டது. ஒற்றைப் பூச்சுக்கு அடியில் பச்சை மங்கலாகத் தெரிந்தது. குளத்துத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. அந்தத் தண்ணீருக்குள் வில்மார் சட்டையில்லாமல் நின்றான். மூக்கில் பச்சைத் தீற்றல். “நம்ம ரூம்ல எப்பவும் வசந்தகாலம் லூர்தெஸ்,” என்றான். அவள் ரோலரை அவன் மேல் ஓட்டினாள். அவன் கலைந்து வெளுத்துப் போனான்.

வருத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மிதப்பதுபோல் ஒரு சுகம்தான் வந்தது. இத்தனை லேசாகவா இது முடியும் என்று அவளுக்கே ஆச்சரியம்.

கப்பல் மறுபடி சங்கு ஊதியது. எல்பியோ எதையோ முணுமுணுத்தபடி இரண்டாவது பூச்சுக்கு ரோலரை நனைத்தார்.

“முதல் பூச்சு காய வேணாமா மாமா?”

“காயும் காயும். நீ அடி.”

அடித்தார்கள்.

மத்தியானம் ரோலரை வைத்துவிட்டு லூர்தெஸ் சன்னலை அகலத் திறந்தாள். காற்று பட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பு. பனி சாவகாசமாக உள்ளே வந்தது. போகிற போக்கில் காலையில் முதலில் அடித்த மூலையை விரலால் தொட்டாள்.

விரல் முழுக்க வெள்ளை.

இப்போதுதான் அடித்ததுபோல் ஈரம். நடுச்சுவரைத் தொட்டாள். அங்கேயும் அப்படியே. கீழே, தரையோரம், பெயிண்ட் மெல்ல இறங்கி ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது.

அவள் கனவு அங்கேதான் கலைந்தது. சுவர் வியர்க்கிற நாளில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது இந்த ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும். வியாழனும் வெள்ளியும் தெற்குக் காற்று கத்திபோல் வீசியது. தொட்டால் முறிகிற மாதிரி துணியெல்லாம் காய்ந்தது. அந்த இரண்டு நாளும் நானே அடிக்கிறேன் என்று சொன்னவளை, “பெயிண்ட் நான் கொண்டு வர்றேன், நீ வாங்காதே, எனக்கு முட்டி வலி” என்று தடுத்தவர் யார்?

அவள் சன்னலைச் சாத்தினாள். சமையலறையில் எல்பியோ ஞோக்கி உருண்டைகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தார். அன்று இருபத்தொன்பதாம் தேதி. மாதாமாதம் இருபத்தொன்பதில் ஞோக்கி சாப்பிடாத வீடு அங்கே ஏது? மாமியார் காலமானதிலிருந்து அந்த ஒரு நாள் மட்டும் எல்பியோ தவறாமல் மருமகள் வீட்டில்தான் சாப்பிடுவார். உருளைக்கிழங்கு மாவை அவரே பிசைந்து, அவரே உருட்டி, அவரே தன்னைப் பாராட்டிக்கொள்வார்.

தட்டுகள் மேஜைக்கு வந்தன. அவள் தன் தட்டுக்கடியில் வழக்கம்போல் ஒரு நோட்டைச் செருகினாள். அப்படி வைத்தால் நினைத்தது கூடிவரும் என்று ஒரு நம்பிக்கை. அவர் வைக்கவில்லை.

“நோட்டு வைக்கலியா மாமா?”

“இன்னைக்கு வேணாம்மா.”

“ஏன்?”

“கேக்கறதுக்கு மூஞ்சி இல்ல.”

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“சுவர் காயல,” என்றாள் லூர்தெஸ்.

“காயாது.”

“தெரிஞ்சேதான் இன்னைக்கு அடிக்க வச்சீங்க.”

“தெரிஞ்சேதான்.”

அவள் கோபப்படுவதற்குப் பதில் களைத்துப் போனாள். “நீங்க என்ன நினைக்கறீங்கன்னு புரியுது மாமா. வில்மார் திரும்பி வருவான், கதவைத் தட்டுவான், நான் இங்கே இருக்கணும். அதானே? அவன் வரமாட்டான். உங்க புள்ளைங்கறதால உங்களுக்கு ஒத்துக்க முடியல. எனக்கு ஒத்துக்க நாலு மாசம் ஆச்சு.”

எல்பியோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

“அதில்லம்மா. அவன் வந்தா என்ன, வராட்டி என்ன. நான் என் வீட்டுக்காகப் பண்ணினேன்.”

“உங்க வீட்டுக்கு என்ன?”

“அவன் விக்கச் சொல்றான்.” குரல் கீழே போனது. “அங்கே யாரோடயோ சேந்து ரெஸ்டாரன்ட் போடப்போறானாம். முதல் வேணுமாம். ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றான். விக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒரே புள்ள. அதனால ஒரு சாக்கு சொன்னேன். வீடு உன் பொண்டாட்டி வாடகைக்கு ஜாமீன் நிக்குதுடா, ஒப்பந்தம் முடியற வரைக்கும் விக்க முடியாதுன்னேன். சட்டம் அப்படித்தானான்னு எனக்கே தெரியாது. அவன் நம்பிட்டான். அதைச் சொல்லியே ஒரு வருஷமா ஓட்டறேன். நீ இன்னைக்கு சாவியைக் குடுத்துட்டா...”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

இதே ஊரில் லா தேஹா பேட்டையில் உள்ள அந்த வீட்டை லூர்தெஸ் நன்றாக அறிவாள். இரண்டு அறை, ஒரு எலுமிச்சை மரம். கிரேன் வேலை முடிந்து வந்து எல்பியோவும் மனைவியும் ஒவ்வொரு வரிசையாகச் செங்கல் வைத்துக் கட்டியது. அதைவிட்டு அவருக்குப் போக இடமில்லை.

ஆனால் அவள் மனம் அங்கே போகவில்லை. வேறொரு சொல்லில் சிக்கிக்கொண்டு நின்றது.

“ஞாயித்துக்கிழமை தவறாம,” என்றாள். “உங்களுக்கு போன் பண்றான்.”

அவர் தலை குனிந்தது.

“போன மாசம் நான் உங்களைக் கேட்டேன். மாமா, அவன் உயிரோட இருக்கானாவது தெரியுமான்னு கேட்டேன். இதே மேஜைல. நீங்க ஞோக்கி நல்லா வந்திருக்கான்னு கேட்டீங்க.”

“என்னத்தம்மா சொல்லுவேன்? உன்னைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஓடி வந்து சொல்லியிருப்பேன்.”

அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. எழுந்து நின்றாள்.

“ஆக, அவனுக்கு நான் ஒண்ணுமில்ல. உங்களுக்கு நான் ஒரு பூட்டு. வீட்டு வாசல்ல தொங்கவிட்ட பூட்டு. அது துரு பிடிச்சா என்ன, இத்துப்போனா என்ன, மே மாசம் வரைக்கும் தொங்கினா போதும்!”

“அப்படிச் சொல்லாதே பொண்ணே.”

“வேற எப்படிச் சொல்றது?”

அவள் படுக்கையறைக்குப் போய்ச் செய்தித்தாள் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஈரச் சுவர் எதிரே வெளுத்துக் கிடந்தது. பெயிண்ட் வாடையும் பனியும் சேர்ந்து தலையைக் கிறக்கின. கண்ணை மூடினால் சால்தோவின் வெயில் தெரிந்தது, ஆரஞ்சுத் தோட்டங்கள் தெரிந்தன. திறந்தால் இந்த வெள்ளை. எது கனவு, எது அறை என்று பிரித்துப் பார்க்கவே அவளுக்கு விருப்பமில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. சமையலறையில் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது. பாவம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

வெளிச்சம் சாம்பலாகும் நேரத்தில் சுல்மா வந்தாள். பருத்த உடம்பு, உதட்டில் சிவப்புச் சாயம், கையில் கைக்குட்டை. மாடி ஏறிய மூச்சு வாங்கியது.

“இந்தப் புழுக்கத்துல மீனுக்குத்தான் நல்லா இருக்கும், மனுஷிக்கு இல்ல. எங்கே உன் சுவரு?”

அறைக்குள் வந்து நின்றாள். ஒரு விரலை எடுத்துச் சுவரில் வைத்தாள். விரலைப் பார்த்தாள். அப்புறம் லூர்தெஸைப் பார்த்தாள்.

“எந்த மடையன் இன்னைக்குப் பெயிண்ட் அடிச்சது?”

லூர்தெஸ் வாயைத் திறக்குமுன் கதவருகிலிருந்து எல்பியோ பேசினார்.

“நான்தாங்க. அவ வியாழக்கிழமையே அடிக்கப் பாத்தா. நான்தான் வேணும்னே இழுத்து இன்னைக்கு வச்சேன். காயக்கூடாதுன்னுதான் அடிச்சேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளை விட்டுடுங்க சுல்மா. அவளுக்கு எட்டு மணிக்கு பஸ் இருக்கு.”

இதைச் சொல்வது அவருக்கு என்ன விலை என்று அந்த அறையில் லூர்தெஸுக்கு மட்டும்தான் தெரியும்.

சுல்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ குடும்ப விவகாரம் என்று புரிந்துகொள்ள அவளுக்கு அரை நிமிஷம் போதும்.

“எழுபது வயசுல என்ன குறும்பு இது! இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?” கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். “வெள்ளைன்னு கேட்டேன். வெள்ளையா இருக்கு. வர்றவங்க கட்டிலை ரெண்டு நாள் சுவரை ஒட்டாம ரூம் நடுவுல போட்டுக்கட்டும், ஒண்ணும் செத்துடமாட்டாங்க. சாவியைக் குடும்மா. உன் கணக்கு இன்னையோட முடிஞ்சுது.”

அவள் கை நீண்டது.

“ஒரு நிமிஷம் பொறுங்க,” என்றார் எல்பியோ. சட்டைப்பையை முகவாயால் காட்டினார். ரோலர்களைக் கழுவிக்கொண்டிருந்ததில் அவர் இரண்டு கையும் பெயிண்ட்டாக இருந்தது. “பொண்ணே, போனை எடுத்து அவனைக் கூப்பிடு. பேசறது ரூம்ல கேக்கற மாதிரி வை.”

“மாமா, வேணாம். நான் மே மாசம்னே அவன்கிட்ட சொல்றேன். ஒப்பந்தம் முடியலேன்னு சொல்றேன். அவனுக்கு எப்படித் தெரியப்போகுது?”

“இன்னும் எத்தனை நாளைக்கு உன் பின்னாடி ஒளியறது? கூப்பிடு.”

மணி அடித்தது. நாலு மாதத்துக்குப் பிறகு வில்மாரின் குரல் அந்த வெள்ளை அறைக்குள் வந்தது. சற்றும் மாறாத குரல்.

“என்னப்பா, சனிக்கிழமையே கூப்பிடறே?”

“லூர்தெஸ் வீட்டைக் காலி பண்றாடா. ஒப்பந்தம் இன்னையோட முடியுது.”

“நிஜமாவா?” குரலில் சந்தோஷம் துள்ளியது. “அப்பாடா! ஒரு வழியா நல்ல புத்தி வந்துச்சு. அப்ப ஜாமீன் போச்சு இல்ல? வீடு ஃப்ரீ!”

லூர்தெஸ் போனைப் பிடித்த கையை ஆட்டாமல் நின்றாள். சுல்மா உதட்டைக் கடித்துக்கொண்டு பனியைப் பார்க்கத் திரும்பினாள்.

“அவ எங்கே போறான்னு கேக்க மாட்டியா?” என்றார் எல்பியோ.

“எங்கேயாவது போவா. அப்பா, கேளு, இங்கே ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன்...”

“நீ கேளுடா. வீட்டை நான் விக்க மாட்டேன். ஜாமீன் இல்ல, சட்டம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எனக்கு விக்க இஷ்டமில்ல. ஒரு வருஷமா இதைச் சொல்லத் துப்பில்லாம உன் பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னாடி நின்னேன். இப்ப சொல்லிட்டேன்.”

துறைமுகத்துச் சங்கு ஊதி ஓய்ந்தது.

“சரி,” என்றான் வில்மார். துள்ளல் போய்விட்டது. “போன்ல பேசினா சரிப்படாது. வியாழக்கிழமை நான் அங்கே வர்றேன். விக்கற பேப்பரோட வர்றேன். நேர்ல என் மூஞ்சியைப் பாத்து இதையே சொல்லு.”

இணைப்பு அறுந்தது.

எல்பியோ பெயிண்ட் கையைத் தன்னையறியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். மகனின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவரால் முடியாது என்பது அவருக்கும் தெரியும், லூர்தெஸுக்கும் தெரியும், மகனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

லூர்தெஸ் சாவியைச் சுல்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். சுல்மா அவளை இழுத்துக் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்து, “போயிட்டு வா,” என்றாள். இவ்வளவுதான். இனி இந்த ஊரில் அவளுக்குக் கதவு இல்லை, சுவர் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வந்த அந்த மிதப்பு மறுபடி வரும் என்று நின்று பார்த்தாள். வரவில்லை.

எல்பியோ கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பெட்டியைத் தூக்கினார்.

“வாம்மா. பனில டாக்ஸி கிடைக்கறது கஷ்டம். பஸ்ஸை விட்டுடப்போறே.”

“மாமா, வியாழக்கிழமை...”

“வியாழக்கிழமை நீ சால்தோவுல வேலைக்குச் சேந்து நாலாவது நாள். நட.”

அவர் முன்னால் படியிறங்கினார். முட்டி நிஜமாகவே வலித்திருக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். வியாழக்கிழமை வரைக்கும் இரு என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முடியாது மாமா என்று சொல்லிவிட்டு லூர்தெஸ் நிம்மதியாகப் போயிருப்பாள். கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதரை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.